பாபா முத்துவின் காலில் ஊர்ந்த எறும்பு

டிரெஸ்ஸர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் எல்லாரும் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள். மூன்றாம் வகுப்பைத் தாண்டாத மனிதன் ஆஸ்பத்திரி வேலையில் எப்படி இத்தனை வருஷம் பேர் வாங்கினான் என்று. கைதான் காரணம். மலாக்காவில் என்னைப்போல் கட்டுப் போட ஆள் கிடையாது, இன்றைக்கும் கிடையாது. நான் போட்ட கட்டோடு ஒருவன் பத்து பெரெண்டாம் என்கிற ஊர் வரைக்கும் நடந்து போய்த் திரும்பினான், ஒரு சுற்றுக்கூடத் தளரவில்லை. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். ஏனென்றால் இனிமேல் எழுதப்போவது நான் முகத்தில் அறை வாங்கிய கதை.

ஜப்பான்காரன் வந்த இரண்டாவது வருஷம். அதற்கு முன்னால் காஜா பெராங் சாலையோரம் ஒரு சின்னக் கிளினிக்கில் நான் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தவன். சண்டைக்கு முன்னால் சிங்கப்பூர் போன டாக்டர் திரும்பவே இல்லை. கதவைப் பூட்டி வைத்தேன். சனங்கள் வந்து தட்டிக்கொண்டே இருந்தார்கள். எட்டாம் நாள் பொறுக்க முடியாமல் திறந்து, டாக்டரின் நாற்காலியில் நானே உட்கார்ந்துவிட்டேன். மருந்து என்று மிச்சம் இருந்தது உப்பும், டின் அடியில் புண் கழுவுகிற ஊதாத் தூள் கொஞ்சமும், கட்டுக்குக் கிழிக்கப் பழைய சாரோங்குகளும்தான். அதை வைத்துக்கொண்டே ஊரில் பாதிப் பேரின் புண்ணை ஆற்றினேன்.

ஆனால் அந்த நாட்களில் யாருக்கும் ஓர் இடத்தில் உட்கார இருப்புக் கொள்ளாது. எங்கேயாவது ஆள் பிடிக்கிற ஜப்பான் லாரிச் சத்தம் கேட்டால் வரிசையில் நிற்கிற ஆண்கள் எல்லாம் பின்கட்டு வழியாகக் காணாமல் போவார்கள். நான் புண்ணைக் கழுவுவேன், கண் வாசலில் இருக்கும். நோயாளி பேசுவான், காது தெருவில் இருக்கும். என் தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

காலைப் பற்றி அப்போது சனங்கள் நம்பியதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். புண்ணில் தண்ணீரே படக்கூடாது என்று மாதக்கணக்கில் கழுவாமல் நாற்றத்தோடு வருவான் ஒருவன். செருப்பில்லாமல் நடந்து தோல் தடித்துவிட்டால் அந்தக் காலுக்கு எதுவும் வராது என்பான் இன்னொருவன். வீங்கின காலைச் சதை வைத்த கால் என்பார்கள். வலி நின்றுவிட்டால் நோய் போய்விட்டது என்பார்கள். சிரித்து முடித்துவிட்டீர்களா? கடைசி மூன்றையும் அன்றைக்கு நானும் நம்பினேன்.

பாபா முத்து சிட்டிக் கம்பத்துக்காரர்; கம்பம் என்றால் மலாயில் குடியிருப்பு. சிட்டி மக்கள் கும்பிடுவது நம் சாமியை, பேசுவது மலாய், நடுநடுவே ஒன்றிரண்டு தமிழ்ச் சொல் வரும். அவரிடம் இருந்த மாட்டுவண்டியை ஜப்பான்காரன் எடுத்துக்கொண்டான். அன்றிலிருந்து கிளேபாங் கடற்கரைக்கு நடந்து போய்க் கருவாடும் உப்பும் தோளில் சுமந்து வந்து விற்றார். வீட்டில் மனைவி மீனாச்சி, மூன்று பெண்பிள்ளைகள். அவர் நடந்தால்தான் அடுப்பு எரியும்.

ஒரு நாள் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். இரண்டு பாதத்தையும் காட்டி, "டிரெஸ்ஸர், காக்கி செமுட்-செமுட்" என்றார்.

மலாயில் காக்கி என்றால் கால். செமுட் என்றால் எறும்பு. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததுதான் வினையாகிவிட்டது. தெரியாதிருந்தால் என்னவென்று கேட்டிருப்பேன்.

"எறும்பு கடிச்சிருக்கு, அவ்வளவுதானே" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "டாலாம், டிரெஸ்ஸர், டாலாம்" என்று பாதத்தின் உள்ளே விரலால் குத்திக் காட்டினார். உள்ளே, உள்ளே என்று அர்த்தம்.

தெருவில் ஒரு லாரி திரும்பியது. நான் எழுந்து எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "உள்ள போயிடுச்சா? உப்புத் தண்ணியில கால வைங்க, எல்லாம் வெளிய வந்துரும்" என்றேன்.

இதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. மறுநாள் அவர் வீட்டுக்கே போனேன். கட்டில் கால் நான்கையும் தண்ணீர் டின்னில் வைக்கச் சொன்னேன். படிக்கட்டுக்கு அடியில் ஒரு எறும்புப் புற்று இருந்தது. கம்பமே வேடிக்கை பார்க்க, கொதிக்கிற தண்ணீரை அதில் ஊற்றினேன். "இனிமே ஒண்ணு வராது. வந்தா என் பேர மாத்துங்க" என்று சத்தமாகச் சொன்னேன். வேலியோரம் நின்ற தள்ளுவண்டிக்காரன் கறுப்பையா, "அண்ணே, நம்ம வீட்டுலயும் புத்து இருக்கு, எப்ப ஊசி போட வர்றீங்க?" என்றான். அவன் வாய் அப்படி. நான் கண்டுகொள்ளவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் பாபா சிரித்துக்கொண்டு வந்தார். எறும்பு போய்விட்டதாம். வலியும் இல்லையாம், எதுவுமே இல்லையாம். மத்தியான வெயிலில் தார் சாலையில் வெறுங்காலோடு நடந்தே வந்திருந்தார். தார் உருகி உள்ளங்காலில் ஒட்டியிருந்தது, அவருக்குச் சுடவில்லை. நான் அந்தக் காலைத் தூக்கி வரிசையில் இருந்தவர்களுக்குக் காட்டி, "பாத்துக்குங்க, கால் இரும்பா ஆயிடுச்சு" என்றேன். கணுக்காலும் கெண்டைக்காலும் நன்றாகத் திரண்டிருந்தன. ஊரில் எல்லாருக்கும் விலா எலும்பை எண்ணலாம், பாபாவுக்கு மட்டும் கால் சதை போட்டிருந்தது. மீனாச்சி கோயில் வாசலில் என்னைப் பார்த்து, "கெமொக் ஆயிட்டாரு டிரெஸ்ஸர், பாத்தீங்களா" என்று சந்தோஷப்பட்டாள். கெமொக் ஆயிட்டாரு என்றால் தாட்டியாகிவிட்டார் என்று பொருள். பட்டினிக் காலத்தில் அதைவிட நல்ல செய்தி ஒரு பெண்ணுக்கு வேறு என்ன இருக்கிறது.

அந்த வாரம்தான் உத்தரவு வந்தது. பத்து பெரெண்டாமில் விமானத் திடல் வேலைக்கு ஆள் வேண்டும். ஆண்கள் எல்லாரும் கால் எப்படி என்று ஒரு சீட்டு வாங்கிக்கொண்டு வர வேண்டும். காஜா பெராங்குக்குச் சீட்டு எழுத நான்தான். ஆங்கில எழுத்தில் எனக்கு எழுதத் தெரிந்த மலாய் வார்த்தைகள் சில. அதில் இரண்டை எடுத்து எழுதினேன்: காக்கி பாகுஸ். கால் நல்லது. பாபாவுக்கும் அதையே எழுதினேன். அவரும் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். குணமாகிவிட்டது என்று நான்தானே அவரை நம்ப வைத்தேன்.

தெங்கேராவில் ஒரு திடல். விடிந்ததும் எங்களை அங்கே நிறுத்தினார்கள். சீட்டு எழுதினவன் என்று என்னையும் ஓர் ஓரத்தில் நிறுத்தினார்கள். மூங்கில் குச்சி வைத்திருந்த ஒரு சிப்பாய் எல்லாரையும் திடலைச் சுற்றி ஓடச் சொன்னான். பாபா அரைச் சுற்று ஓடினார். பிறகு நின்றார். கையை நெஞ்சில் வைத்தார், அப்படியே புல்லில் உட்கார்ந்தார். மீன் வாயைத் திறப்பதுபோல் மூச்சுக்குத் திறந்து திறந்து மூடினார்.

சிப்பாய் அவர் முதுகில் இரண்டு போட்டான். அவர் சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்துப் பக்கத்தில் நின்ற மொழி பெயர்க்கிறவனிடம் வாசிக்கக் கொடுத்தான். அவன் மலாய் பேசுவான். என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டான்.

"நீ கால் நல்லதுன்னு எழுதியிருக்க. இவன் உட்கார்ந்துட்டான். நடிக்கிறானா?"

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு நாள் இப்படி ஒருவன் முன்னால் நிற்க வேண்டி வரும். அவன் ஜப்பான்காரனாக இருக்க மாட்டான், பெரிய டாக்டராகவோ அதிகாரியாகவோ இருப்பான். ஆமாம் நடிக்கிறான் என்றால் என் சீட்டு பிழைக்கும், பாபா அடிபட்டே சாவார். இல்லை என்றால் நான் பொய்ச் சீட்டு எழுதியவன். அந்த நேரம் நான் என்ன செய்தேன் என்று பெருமையாகச் சொல்ல ஆசைதான். ஒன்றும் செய்யவில்லை. குச்சி மறுபடி எழுந்தது.

அப்போது மேசைக்குப் பின்னாலிருந்து இன்னொரு ஜப்பான்காரன் எழுந்து வந்தான். கண்ணாடி போட்டவன், தோளில் மருந்துப் பை. அடிக்கிறவனைக் கையால் விலக்கிவிட்டுப் பாபாவின் முன்னால் குந்தினான். கட்டைவிரலால் முன்னங்கால் எலும்பின் மேல் அழுத்தினான். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது, பிசைந்த மாவில் அழுத்தியது மாதிரி. பிறகு பாபாவை ஒரு பெட்டி மேல் உட்கார வைத்துக் காலைத் தொங்கவிட்டு, முட்டிச் சில்லுக்குக் கீழே கை விளிம்பால் தட்டினான். கால் செத்தது போல் தொங்கியது. சட்டென்று என்னைப் பிடித்து உட்கார வைத்து என் முட்டியிலும் தட்டினான். என் கால் என்னைக் கேட்காமலே எகிறியது.

அவன் பாபாவின் காலைக் காட்டி, "காக்கே" என்றான்.

மலாய் பேசுகிறான் என்று நினைத்துவிட்டேன். எப்படியாவது அவனைச் சமாதானப்படுத்த வேண்டும் என்ற பதற்றம். "ஆமா துவான், காக்கி, காக்கி. காக்கி பாகுஸ், துவான்" என்றேன்.

விட்டான் ஒரு அறை. காது விண்ணென்றது. மொழி பெயர்க்கிறவன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்: "மடையா, அவர் கால்னு சொல்லல. காக்கேன்னா அவங்க பாஷையில இந்தச் சீக்கோட பேரு. கால் மரத்துப் போவும், வீங்கும், கடைசியில நெஞ்சப் புடிக்கும். ஜப்பான்ல சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும்ங்கிறாரு. சீட்டு எழுதுனது நீதானே?"

"நான்தான். எனக்குத் தெரியல" என்றேன்.

கண்ணாடிக்காரன் வேலைப் பட்டியலில் பாபாவின் பெயரை அடித்தான். பிறகு உரலில் இடிப்பது போலக் கையை ஆட்டி, அரிசியை ஒரு பக்கம் தள்ளுகிற மாதிரி காட்டி, மிச்சத்தை வாயில் போட்டுக்கொள்வது மாதிரி காட்டினான். "டெடாக்" என்றான் மொழி பெயர்க்கிறவன். தவிடு. வெள்ளை அரிசியும் மரவள்ளிக்கிழங்கும் மட்டுமே தின்றால் இது வருமாம். தவிடு தின்னாவிட்டால், வேலை செய்ய விட்டால், பாபா ஒரு மாசம் தாண்ட மாட்டாராம்.

அந்தக் கண்ணாடிக்காரன் பெயர் எனக்குத் தெரியாது. கால் பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்த ஒரே ஆள் அவன்தான். அவனுடைய படைதான் தண்டவாளம் போட நம் ஆட்களைச் சயாமுக்கு ரயிலேற்றியது. இரண்டையும் நான் மறக்கவில்லை, ஒன்றை வைத்து மற்றொன்றைக் கழிக்கவும் இல்லை.

கறுப்பையாவின் தள்ளுவண்டியில் பாபாவைக் கிடத்திக் கம்பத்துக்குக் கொண்டு வந்தோம். அங்கிருந்து நான் நிற்காமல் கிளேபாங்குக்கு நடந்தேன். வாத்து வளர்க்கிற ஒரு சீனரிடம் கெஞ்சி அரைச் சாக்குத் தவிடு வாங்கி முதுகில் போட்டுக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் ஒரே யோசனை. பாபாவைப் பற்றி இல்லை. மீனாச்சியிடம் இதை எப்படிச் சொல்வது என்று.

நான் போனபோது வீட்டில் பாதிக் கம்பம் கூடியிருந்தது. சாக்கை இறக்கி, "ஜப்பான் மருந்து அக்கா, தினம் மூணு வேளை" என்றேன்.

மீனாச்சி ஒரு பிடி எடுத்து முகர்ந்தாள். "இது இத்தேக் திங்கிறது. வாத்துத் தீனி" என்றாள். "போன மாசம் எறும்புன்னீங்க. அப்புறம் குணம்னீங்க. இன்னைக்கு வாத்துத் தீனி. நாளைக்கு என்ன டிரெஸ்ஸர், புல்லா?"

பெண்பிள்ளைகள் சிரித்தன. நான் சமாளித்தேன். "எறும்பு அப்பவே போயிடுச்சு அக்கா. இது வேற சீக்கு, புதுசு. இன்னைக்கு ஓடுனாருல்ல, அதுல வந்தது."

இரண்டு சீக்கு என்று சொன்னால் என் வைத்தியம் தப்பிக்கும். நல்ல யோசனைதான். ஆனால் அவள் என்னைவிடக் கெட்டிக்காரி.

"ஓடினதுல வந்தா, ரெண்டு நாள் படுத்தா போயிடும்" என்றாள். "இத்தனை நாள் நல்லாத்தானே இருந்தாரு. கால்ல சதைகூட வெச்சுது. கிடைக்கிற கைப்பிடி அரிசியத் தீட்டி, மூணு தண்ணி அலசி, வெள்ளையா வடிச்சுத்தான் குடுக்கிறேன். இது செத்துப்போன பெரியவங்களுக்குப் படைக்கிற வீடு. வாத்துத் தீனிய இந்த அடுப்புல ஏத்த மாட்டேன்."

என் பொய் எங்கே கொண்டு போய் விடுகிறது என்று பாருங்கள். அவள் அந்த வெள்ளைச் சோற்றையே மறுபடி ஊட்டுவாள். பாபா பாயில் தலையணைமேல் சாய்ந்து, எங்கள் இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு கிடந்தார். மூச்சு இரைத்தது. தெங்கேராவில் தெரியல என்று சொன்னேனே, அது அறை வாங்கின பயத்தில் அன்னியர் முன்னால் சொன்னது, பெரிய காரியமில்லை. இங்கே சுற்றி நின்றவர்கள் நான் கட்டுப் போட்டவர்கள். நாளைக்கும் என்னிடம் வர வேண்டியவர்கள். படிக்கட்டு வழியாக இறங்கிப் போய்விடலாமா என்றுகூட இருந்தது. இரண்டு படி இறங்கினேன். திரும்பவும் ஏறினேன்.

"எறும்பு கிடையாது அக்கா" என்றேன். "மொத நாளே கிடையாது. காலுக்கு உள்ள எறும்பு ஊருற மாதிரி இருக்குன்னு அவரு சரியாத்தான் சொன்னாரு. நான் காதுல வாங்கல. வலி நின்னது குணமாகி இல்ல, கால் மரத்துப் போயி. சதைன்னு நெனச்சது வீக்கம். எல்லாம் ஒரே சீக்கு. நான்தான் தப்பாச் சொன்னேன்."

கறுப்பையா அன்றைக்கு மட்டும் கேலியை விட்டுவிட்டு என் முதுகில் ஒட்டியிருந்த தவிட்டைத் தட்டிவிட்டான். அதுதான் எனக்கு அதிகம் சுட்டது.

மீனாச்சி தவிட்டுச் சாக்கை என் பக்கம் தள்ளினாள். "அப்ப மொதல்ல நீங்க தின்னுங்க."

ஒரு பிடி அள்ளி வாயில் போட்டேன். தொண்டையில் அடைத்தது, மூக்கு வழியாகத் தூள் பறந்தது, இருமலில் கண்ணில் நீர் வந்தது. "அட, இப்படியா திம்பாங்க" என்று சாக்கைப் பிடுங்கிக்கொண்டு அவள் அடுப்படிக்குப் போனாள். சலித்து, வறுத்து, ஒரு துண்டு தென்னங்கருப்பட்டியைக் காய்ச்சி ஊற்றி உருண்டை பிடித்துக் கொண்டு வந்தாள். பலகாரத்துக்குப் பேர் போன கை அது. பாபா இரண்டு தின்றார்.

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. நான் காக்கி பாகுஸ் எழுதிக் கொடுத்த வீடு ஒவ்வொன்றுக்கும் போய், ஆண்களைத் திண்ணையிலும் பெட்டியிலும் உட்கார வைத்து முட்டியைத் தட்டினேன். பைத்தியம் பிடித்துவிட்டது என்றார்கள். இன்னும் இரண்டு பேருக்குக் கால் ஆடவில்லை, அவர்களுக்கும் தவிடு. ஒருவன் வீட்டில் ஆளில்லை, முதல் லாரியிலேயே விமானத் திடலுக்குப் போய்விட்டான். அவனைப் பற்றிப் பிறகு தகவலே இல்லை. அவன் காலை நான் அழுத்திப் பார்க்கவில்லை. அதனால் அவனுக்கு நோய் இருந்ததா, இல்லையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

பாபாவுக்கு ஒரு வாரத்தில் வீக்கம் வடிந்தது. மூச்சு சீரானது. உடனே கம்பத்தில் வேறு பேச்சு கிளம்பியது: டிரெஸ்ஸருடைய தவிடு ஆளை இளைக்க வைத்துவிட்டது, சதையெல்லாம் கரைந்து போச்சு. மீனாச்சியின் முகம் மாறியது. நான் தினமும் போய் உட்கார்ந்து, உருண்டை உள்ளே போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன். பாதம் மட்டும் கட்டையாகவே இருந்தது. கிள்ளினால் தெரியாது. நான் கிளினிக்கில் யாருடைய புண்ணையோ கட்டும்போதும் என் மனசு அந்தப் பாதத்தில் இருக்கும்.

ஒன்றரை மாசம் இருக்கும். ஒரு காலையில் கறுப்பையா ஓடி வந்தான். "அண்ணே, மீனாச்சி அக்கா கூப்புடுது. பாபா அலறுறாரு. வலி தாங்க முடியலையாம். அக்கா ஒங்கள வெட்டாம விடாது போல."

கட்டிக்கொண்டிருந்த துணியை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். பாபா படிக்கட்டுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து வலது பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மலாயில் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டிக்கொண்டிருந்தார். மீனாச்சி தலையில் அடித்துக்கொண்டாள். "போச்சு டிரெஸ்ஸர். வலியே இல்லாம இருந்த மனுஷன். ஒங்க வாத்துத் தீனியால திரும்பவும் வலி வந்துடுச்சு."

நான் குந்தி உட்கார்ந்து பாதத்தைத் திருப்பினேன். குதிகாலுக்கு முன்னால் உடைந்த கெராங் சிப்பி ஒன்று, நகக்கண் அளவு, குத்தி நின்றது. "இதுவா வலிக்குது?" என்றேன்.

"அதுவும் வலிக்குது. மொத்தமும் எரியுது. தொடாத" என்றார் பாபா.

சிப்பியைப் பிடுங்கிவிட்டு, நகத்தால் பெருவிரல் நுனியில் லேசாக ஒரு கிள்ளுக் கிள்ளினேன். அவர் உதைத்த உதையில் மல்லாந்து போய் வேலியில் விழுந்தேன். கறுப்பையா தூக்கிவிட வந்தான். நான் எழுந்திருக்கவில்லை, சிரிப்பு வந்துவிட்டது.

"யாரும் அவரு வாய அடைக்காதீங்க" என்றேன். "கத்தட்டும் அக்கா. நல்லாக் கத்தட்டும்."